32 விநாடியில் அறுந்த அழைப்பு

கோவையில் எங்கள் ஆபீஸ், சூலூரில் குடோன். குடோனுக்கும் ஓர் இன்டர்காம் போன் வேண்டும் என்றார் முதலாளி. ஆபீஸில் ஏற்கெனவே பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் ஆஸ்டெரிஸ்க் என்ற டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது; அதுதான் எங்கள் சர்வர். 12 போன்கள், ஒரு சிக்கலும் இல்லை. ரவுட்டரில் அழைப்புச் செய்திகள் வருகிற 5060 போர்ட்டைத் திறந்துவிட்டு, 214 என்ற எண்ணோடு, இன்டர்நெட் வழியே பேசுகிற ஒரு ஐபி போனைக் குடோனில் வைத்துவிட்டு வந்தேன்.

குடோன் அண்ணன் கூப்பிட்டார். மணி அடித்தது, எடுத்தேன். இரண்டு பக்கமும் சத்தமே இல்லை. கொஞ்ச நேரத்தில் தானாகவே கட் ஆனது. மறுபடி கூப்பிடச் சொல்லி, செல்போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன். 32 விநாடி. அடுத்த தடவையும் 32.

அந்த 32 என்னைத் தூங்கவிடவில்லை. இரவு, அழைப்புச் செய்திகளைக் காட்டுகிற எஸ்என்கிரெப் என்ற கருவியைத் திறந்து, போகிற வருகிற செய்திகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். அழைப்பை எடுத்ததும் எங்கள் சர்வர் '200 ஓகே' என்ற பதிலை அனுப்புகிறது. அதற்குள், குரலையும் ஒப்புதலையும் எங்கே அனுப்ப வேண்டும் என்று சொல்கிற வரிகளில் 192.168.1.10 என்று இருந்தது. அது ஆபீஸுக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரி. கடிதத்தில் அனுப்புநர் என்ற இடத்தில் 'மாடி அறை' என்று மட்டும் எழுதி அனுப்பினால் பதில் எப்படி வரும்? ரவுட்டர் உறையின் மேலிருக்கும் முகவரியை மாற்றிவிடுகிறது. உள்ளே எழுதியிருப்பதை அது தொடுவதில்லை. குடோன் போன் குரலையும், 'கிடைத்தது' என்ற ஒப்புதலையும் அந்த மாடி அறைக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. ஒப்புதல் வராததால் சர்வர் அதே பதிலை அரை விநாடி, ஒரு விநாடி, இரண்டு, நான்கு என்று இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப அனுப்புகிறது. அரை விநாடியின் 64 மடங்கு ஆனதும் கைவிடுகிறது. இந்தப் போன்கள் அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் பின்பற்றுகிற சிப் நெறிமுறையில் 2002-லேயே எழுதிவைத்த கணக்கு அது. காரணம் புரிந்தபோது உண்மையிலேயே உடம்பு சிலிர்த்தது.

சரி, வைத்தியம். ஆஸ்டெரிஸ்கில் சிப் அமைப்புகள் இருக்கிற பிஜேசிப் கோப்பில் எங்கள் நிலையான வெளி ஐபியை சிக்னலுக்கும் (அழைப்புச் செய்தி) மீடியாவுக்கும் (குரல்) தனித்தனியாகக் கொடுத்தேன். 'லோக்கல் நெட்' என்ற இடத்தில் உள் நெட்வொர்க்கை எழுதினேன். இதை விட்டுவிட்டால் ஆபீஸுக்குள்ளேயே பேசுகிற போன்களுக்கும் வெளி முகவரி போய்விடும். 214-க்கு மட்டும் ஆர்டிபி சிமெட்ரிக், ஃபோர்ஸ் ஆர்போர்ட், ரீரைட் கான்டாக்ட் மூன்றும் 'எஸ்', டைரக்ட் மீடியா 'நோ'. போன் என்ன முகவரி சொன்னாலும், பாக்கெட் நிஜமாக எங்கிருந்து வந்ததோ அங்கேயே திருப்பி அனுப்பு என்பதுதான் முதல் மூன்றின் பொருள்; கடைசியது, குரல் சர்வர் வழியாகவே போகட்டும் என்பது. யுடிபி என்ற முறையில் குரல் பாக்கெட்டுகள் போகிற போர்ட்டுகளை 10000 முதல் 10100 வரை சுருக்கி, அவற்றை மட்டும் ரவுட்டரில் திறந்தேன். 5060 வெளியே தெரிந்தாலே பாஸ்வேர்டை ஊகிக்க ஆட்கள் வந்துவிடுவார்கள். நீளமான பாஸ்வேர்டும், தப்பான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பப் போடுபவர்களைத் தடுக்கிற ஃபெயில்டூபேன் மென்பொருளும் இல்லாமல் தயவுசெய்து திறக்காதீர்கள்.

மறுநாள் காலையில், "ஏனுங் தம்பி, கேக்குதுங்களா?" என்று அண்ணன் குரல் தெளிவாக வந்தது.

அப்புறம் மதியம் நான் கூப்பிட்டால் அங்கே மணியே அடிக்கவில்லை. அவர் ஒரு தடவை கூப்பிட்டு வைத்த உடனே நான் கூப்பிட்டால் அடிக்கிறது. ஒரு நிமிடம் கழித்துக் கூப்பிட்டால் இல்லை. பேச்சுமூச்சில்லாமல் இருந்தால் குடோன் ரவுட்டர் யுடிபி வழியை மூடிவிடுகிறது. குவாலிஃபை ஃபிரீக்குவன்சியை 25 என்று வைத்தேன். 25 விநாடிக்கு ஒருமுறை சர்வர் நலம் விசாரிக்கும், போன் பதில் சொல்லும், வழி திறந்தே இருக்கும்.

இரண்டு மாதம் கழித்துக் குடோனில் ரவுட்டரை மாற்றினார்கள். மறுபடி மௌனம். புதுப் பெட்டியில் சிப் ஏஎல்ஜி என்ற ரவுட்டர் வசதி தானாகவே ஆன் ஆகி இருந்தது. உதவி செய்வதாக நினைத்து செய்திக்குள் கையை விட்டு முகவரியை அரைகுறையாக மாற்றி வைக்கிறது. என்னைக் கேட்டால், எந்த ரவுட்டர் வாங்கினாலும் முதலில் அதை அணைத்துவிட வேண்டும். செல்போனில் அண்ணனுக்கு ஒவ்வொரு பக்கமாகச் சொல்லிக்கொடுத்து, அந்த டிக்கை எடுக்க வைத்தேன். ரீஸ்டார்ட் ஆனதும் அவரே 214-இலிருந்து கூப்பிட்டார். அன்றைய லோடு கணக்கு முழுவதையும் பேசி முடித்துவிட்டுத்தான் வைத்தோம்.