மூன்று மணிக்கு மாறும் ஓடுபாதை

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் மேற்குக் காற்று வீசும் நாட்களில், பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு மாற்றம் நிகழும். காலையிலிருந்து ஓர் ஓடுபாதையில் இறங்கிக்கொண்டிருந்த விமானங்கள் மற்றதற்கு மாறும். அதுவரை ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை கூரையை உரசுவதுபோல் வந்த இரைச்சல் ஓய்ந்து, பக்கத்துப் பகுதிக்குப் போய்விடும். வாரந்தோறும் இந்த முறை மாறிவரும். அட்டவணையைப் பார்த்துத் தோட்டத்தில் உட்காரும் நேரத்தைத் தீர்மானிக்கும் மக்கள் அங்கே மூன்றாவது ஓடுபாதை அமைப்பதை எதிர்க்கும்போது, அவர்களை வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்பவர்கள் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

அவர்களுடைய எதிர்ப்பு இரைச்சலைப் பற்றியது மட்டுமன்று. கொடுத்த வாக்கைப் பற்றியது. ஐந்தாவது முனையத்துக்கான பொது விசாரணை 1995இல் தொடங்கி 1999 வரை நீண்டது. 2001இல் அனுமதி வழங்கப்பட்டபோது, ஏறுவதும் இறங்குவதுமாக ஆண்டுக்கு 4,80,000 பறப்புகளைத் தாண்டக்கூடாது என்ற வரம்பும் விதிக்கப்பட்டது. அந்த முனையம் திறக்கப்பட்டது 2008இல். ஆனால் 2003லேயே அரசின் வெள்ளை அறிக்கை மூன்றாவது ஓடுபாதையை ஆதரித்துவிட்டது. வரம்பின் மை உலர்வதற்குள் அதை மீறும் திட்டம் வந்தால், அடுத்த வரம்பை யார் நம்புவார்கள்?

அதன்பின் 2009இல் ஒப்புதல், 2010இல் கைவிடல், 2018இல் நாடாளுமன்றத்தின் ஆதரவு, 2020 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தடை, அதே ஆண்டு டிசம்பரில் அதை நீக்கிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 2025 ஜனவரியில் மீண்டும் அரசின் ஆதரவு. இத்தனை காலமும், அந்த ஓடுபாதைக்காக இடிபடக்கூடிய சிப்சன், ஹார்மண்ட்ஸ்வொர்த், லாங்ஃபோர்டு கிராமங்களில் வீடு வைத்திருப்பவர், ஒழுகும் கூரையை மாற்றுவதா வேண்டாமா என்றுகூட முடிவெடுக்க முடியாமல் இருக்கிறார். வீட்டுக்குச் சந்தை விலைக்கு மேல் 25 விழுக்காடு தருவதாகச் சொல்லப்பட்டிருப்பது சிறிய தொகையன்று. ஆயினும் காத்துக்கிடந்த ஆண்டுகள் அந்தக் கணக்கில் வரவில்லை.

ஹார்மண்ட்ஸ்வொர்த்தில் 1426ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய ஒரு தானியக் களஞ்சியம் இருக்கிறது. கல் பீடங்களின் மேல் ஓக் மரத் தூண்கள் வரிசையாக நிற்க, அறுநூறு ஆண்டுகளாகத் தாங்கிவரும் கூரை அது. மூன்றாவது ஓடுபாதைக்காக 2015இல் பரிந்துரைக்கப்பட்ட வரைபடத்தில் களஞ்சியம் எல்லைக்குச் சற்று வெளியே தப்பியது. ஊரின் பெரும்பகுதி தப்பவில்லை. ஊர் போனபின் களஞ்சியம் மட்டும் யாருக்காக நிற்கும் என்பது எனக்குப் புரியவில்லை.

மக்களைக் கேட்காமல் தொடங்கினால் என்ன ஆகும் என்பதை ஜப்பானின் நரிதா விமான நிலையம் காட்டியிருக்கிறது. 1966இல் உழவர்களைக் கலந்துகொள்ளாமல் இடம் தேர்ந்ததன் விளைவாக, 2,500 மீட்டருக்குத் திட்டமிட்ட இரண்டாவது ஓடுபாதை 2002இல் 2,180 மீட்டராகவே திறக்கப்பட்டது.

ஹீத்ரோவில் 2018 வாக்கெடுப்பின்போது, விமானங்கள் எந்தெந்த வீடுகளின் மேல் பறக்கும் என்ற இறுதி வரைபடமே இல்லை. மூன்று ஓடுபாதைகள் வந்தால், பிற்பகல் மூன்று மணி மாற்றத்தால் கிடைக்கும் ஓய்வு இப்போதுள்ளபடி நீடிக்காது. இடிபடாமல் எஞ்சும் வீடுகளில் இருப்பவர்களுக்கு அந்த வரைபடத்தையும் புதிய அட்டவணையையும் முதலில் காட்ட வேண்டும். கருத்துக் கேட்பது அதன் பிறகுதான்.