அடைப்புக்குறிக்குள் ஜான் வில்லியம்ஸ்

என் வேலையை வீட்டில் யாருக்கும் ஒழுங்காக விளக்க முடிந்ததில்லை. ஆங்கிலப் படங்களுக்கு, காது கேளாதவர்கள் படிப்பதற்கான சப்டைட்டில் எழுதுகிறேன். வசனம் மட்டும் போதாது. கதவு சாத்தப்படுவது, தூரத்தில் நாய் குரைப்பது, பின்னணியில் ஓடும் இசை என எல்லாவற்றையும் சதுர அடைப்புக்குறிக்குள் இரண்டு மூன்று சொற்களில் சொல்லியாக வேண்டும். "சத்தத்தை எழுத்தாக்கும் வேலை அம்மா" என்றேன் ஒருநாள். "அதற்கா விடிய விடிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய்?" என்று கேட்டுவிட்டு அம்மா உள்ளே போய்விட்டார்.

வசனம் எளிது, இசைதான் வம்பு. சேர்ந்த புதிதில் என்னிடம் ஓர் அஞ்சறைப்பெட்டி இருந்தது: சோக இசை, பதற்றமான இசை, வெற்றி முழக்கம், மெல்லிய பியானோ, மர்ம இசை. எந்தப் படம் வந்தாலும் அதிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துப் போடுவேன். பெரும்பாலான படங்களுக்கு அது போதுமானதாகவே இருந்தது. இசையமைப்பாளர்கள் பலரும் அதே பெட்டியிலிருந்துதான் எடுக்கிறார்களோ என்றுகூடச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

ஹாலிவுட் இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸின் பழைய படங்களிலும் எனக்குச் சிரமம் இருந்ததில்லை. 1975இல் வந்த 'ஜாஸ்' (Jaws) படத்தில் இரண்டே சுரங்கள் மாறி மாறி நெருங்கி வந்தால் சுறா வருகிறது என்று பொருள். 1977இன் 'ஸ்டார் வார்ஸ்' முதல் நொடியிலேயே எக்காளம் ஊதித் தன்னை அறிவித்துக்கொள்ளும். 1982இன் 'ஈ.டி.' உச்சக்காட்சியின் கதையும் பலருக்குத் தெரிந்ததே. படத்தின் ஓட்டத்துக்கு இசைக்குழுவைச் சரியாகப் பொருத்த முடியாமல் அவர் திணறியபோது, இயக்குநர் ஸ்பீல்பெர்க் திரையை அணைத்துவிட்டு உங்கள் போக்கில் நடத்துங்கள் என்றாராம். பிறகு இசைக்கு ஏற்றபடி படத்தைத்தான் வெட்டி ஒட்டினார்கள். இப்படிப்பட்ட இசை தன் பெயரைத் தானே சொல்லிவிடும்.

திணறல் தொடங்கியது அவருடைய பிற்காலப் படங்களில். 1932இல் பிறந்தவருக்கு 'கேட்ச் மீ இஃப் யூ கேன்' வந்த 2002இல் வயது எழுபது. விரல் சொடுக்கும் ஒலிகளும் ஆல்டோ சாக்ஸபோனும் பூனை நடை நடக்கும் இசை அது. 1950களில் அவர் ஹாலிவுட்டில் கூலிக்கு வாசித்த பியானோக் கலைஞர். ஹென்றி மான்சினி இசையமைத்த 'பீட்டர் கன்' தொலைக்காட்சித் தொடரில் கேட்கும் பியானோ அவருடையதுதான். அந்த இளைஞர் எழுபது வயதில் திரும்பி வந்ததுபோல் இருந்தது. நான் 'குறும்பான ஜாஸ் இசை' என்று எழுதினேன். அப்பாவும் மகனும் எதிரெதிரே உட்காரும் காட்சிகளிலும் அதே குறும்பை ஒட்டப் பார்த்தேன். ஒட்டவில்லை.

அடுத்து 'லிங்கன்', 2012. இரண்டரை மணி நேரப் படம். பெரும்பாலும் மங்கலான அறைகளில் மனிதர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். இசைக்குச் சிகாகோ சிம்ஃபனி குழுவையே அமர்த்தியிருந்தார்கள். அவ்வளவு பெரிய குழுவை வைத்துக்கொண்டு மனிதர் எவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்! வசனம் இல்லாத இடங்களில் என் திரையில் ஒலியலைக் கோடு தட்டையாகவே ஓடியது. அந்த அமைதியில் கடிகாரம் டிக் டிக் என்கிறது. ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட், லிங்கன் வைத்திருந்த கடிகாரத்தையே தேடிப்போய்ப் பதிவுசெய்த ஒலி அது. அன்று நான் எழுதியதில் இசைக் குறிப்புகளைவிடக் கடிகாரக் குறிப்புகள்தான் அதிகம் என்று நினைக்கிறேன்.

அப்போது எங்கள் பிரதிகளைச் சோதிக்க, பிறவியிலேயே காது கேளாத ஒருவர் வாரம் ஒருமுறை வருவார். வயதில் மூத்தவர், கையில் எப்போதும் ஒரு சிறு நோட்டு. என் பிரதியைப் படித்துவிட்டு ஒரு தாளில் எழுதிக்கொடுத்தார். "தம்பி, அவள் அழுவது எனக்குத் தெரிகிறது. இசையும் அழுகிறது என்று ஏன் சொல்கிறீர்கள்? படம் காட்டாத எதையாவது இசை செய்தால் அதை மட்டும் சொல்லுங்கள்." அந்தத் தாளை நான் பத்திரமாக வைத்திருக்கவில்லை, எங்கோ தொலைத்துவிட்டேன். ஆனால் அதன்பின் அஞ்சறைப்பெட்டியைத் தொடும்போதெல்லாம் கை கூசியது.

'லிங்கன்' படத்தை மறுபடி போட்டேன். அடிமை முறையை ஒழிக்கும் அரசியல் சட்டத் திருத்தத்துக்கு ஓட்டுப்போட ஆள் பிடிக்க மூன்று தரகர்கள் அலைவார்கள். நாட்டின் தலையெழுத்தே தொங்கிக்கொண்டிருக்கிறது, வில்லியம்ஸோ கிராமத்துத் திருவிழாபோல ஃபிடிலை வாசிக்க விடுகிறார். இது படம் சொல்லாதது. 'சோகம்', 'பதற்றம்' எதுவும் இங்கே செல்லாது. 'ஃபிடிலில் துள்ளல் நாட்டுப்புற இசை' என்று மாற்றினேன். பெரியவர் தாளில் ஒரு டிக் போட்டார்.

வில்லியம்ஸின் பிற்காலம் முழுவதும் இப்படி அடக்கமானது என்று சொல்லிவிட முடியாது. 2011இன் 'வார் ஹார்ஸ்' எனக்குத் திகட்டும். குதிரை தலையைத் திருப்பினாலே வயலின்கள் உருகுகின்றன. அஞ்சறைப்பெட்டியே காலியாகிவிட்டது. ஸ்டார் வார்ஸ் பிற்பகுதிகளும் சத்தத்துக்குக் குறைவில்லாதவை. முதல் ஆறு படங்களை லண்டனில் பதிவுசெய்தவர், 83 வயதில் ஏழாவதை லாஸ் ஏஞ்சலிஸிலேயே செய்துகொண்டார். அந்த ஏழாவது படத்தின் கடைசிக் காட்சியைப் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் பயிற்சியாகக் கொடுப்பேன். ஒரு பெண் தீவின் கற்படிகளில் ஏறிப்போகிறாள். வசனமே கிடையாது. பழைய பிரபலமான மெட்டைத் தொடக்கத்திலேயே போட்டுக் கைதட்டல் வாங்கியிருக்கலாம். அவர் படியேறுவதற்கென்று ஒரு புதிய மெட்டைக் கட்டி, பழையதைக் கடைசிவரை காக்க வைத்திருக்கிறார். பிள்ளைகள் பத்தில் எட்டுப் பேர் 'வெற்றி முழக்கம்' என்று எழுதுவார்கள். நான் ஒன்றும் சொல்வதில்லை. பெரியவரின் கேள்வியை மட்டும் கேட்பேன்.

இத்தனையும் தெரிந்திருந்தும் 'தி ஃபேபல்மன்ஸ்' படத்தில் மாட்டிக்கொண்டேன். 2022இல் வந்த, ஸ்பீல்பெர்க்கின் சொந்த வாழ்க்கையைத் தழுவிய படம். அவருடைய அம்மா பியானோக் கலைஞர், படத்தின் அம்மாவும் அப்படியே. ஸ்பீல்பெர்க்கும் வில்லியம்ஸும் சேர்ந்து வேலைசெய்யத் தொடங்கியது 1974இல். இன்னமும் கணினி இல்லாமல் பியானோ முன் உட்கார்ந்து பென்சிலால் தாளில் எழுதும் மனிதர் வில்லியம்ஸ். இந்தப் படத்துக்கு அவருக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தபோது வயது 90. பரிந்துரைக்கு மட்டும் குறைவில்லை. ஆனால் கடைசியாக அவர் ஆஸ்கர் வாங்கியது 1993இன் 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' படத்துக்குத்தான்.

முக்கியமான காட்சி இது. மகன் தன் அறையில், குடும்பச் சுற்றுலாவில் எடுத்த ஃபிலிமை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்கிறான். ஃபிரேமின் ஓரத்தில் அம்மாவும் அப்பாவின் நண்பரும் நெருக்கமாக. அவனுக்கு எல்லாம் புரிந்துபோகிறது. பியானோ ஒலித்துக்கொண்டே இருக்கிறது. நான் 'சோகமான பியானோ இசை' என்று எழுதி அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

திரும்பியதும் சரிபார்க்கும் அக்கா கூப்பிட்டார். இளமையில் மேற்கத்திய இசை கற்றவர்.

"தம்பி, யார் வாசிக்கிறார்கள்?"

"வில்லியம்ஸ் இசைதானே அக்கா."

"இது பாக், பழைய ஜெர்மன் இசைமேதை. மார்செல்லோ என்பவர் ஓபோ என்ற குழலுக்கு எழுதிய கான்செர்ட்டோவை பாக் தனி விசைப்பலகைக்கு மாற்றி எழுதியது. வாசிப்பது அந்தப் பையனின் அம்மா. கண்ணைத் திறந்து பார்."

பார்த்தேன். அடுத்த அறையில் அம்மா பியானோ முன் உட்கார்ந்திருக்கிறாள், அப்பா கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் ஹெட்போனில் மூழ்கியிருந்ததால் திரையைப் பார்க்கவே இல்லை. ஐம்பது ஆண்டு நண்பரின் சொந்தக் கதையில், அந்தக் குடும்பம் உடையும் நேரத்தில், வில்லியம்ஸ் ஒரு சுரம்கூடப் போடவில்லை. அம்மாவே வாசிக்கட்டும் என்று இடம் விட்டுவிட்டார்.

திருத்த உட்கார்ந்தேன். வாசிப்பவர் யார், எந்த அறையில், எந்த இசை, அது எப்படிப்பட்டது எல்லாம் வர வேண்டும். வரிக்கு 42 எழுத்துதான் இடம். மூன்று முறை எழுதியும் ஒரு சொல் பிதுங்கி நின்றது. "அக்கா, அடுத்த அறை என்பதை எடுத்துவிடட்டுமா?" என்றேன்.

"அதை விடு. 'சோகமான' என்பதை எடு" என்றார்.