9900 எம்ஏஎச் என்று போட்டிருந்தால் தராசை எடுங்கள்

ரீசார்ஜ் பேட்டரியின் மேல் எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் அவர், பேட்டரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்பதன் அளவு) என்று எந்த எண்ணை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், கேட்பதற்கு ஆள் இல்லை. எடையில் அவ்வளவு லேசில் பொய் சொல்ல முடியாது. அதனால் எந்த பேட்டரி வாங்கலாம் என்று யார் கேட்டாலும் "எத்தனை கிராம்னு பாருங்க" என்றுதான் ஆரம்பிப்பேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள். கத்தரிக்காயா வாங்கப் போறோம் என்பார்கள்.

18650 செல்லையே எடுத்துக்கொள்வோம். டார்ச், பவர் பேங்க், பழைய லேப்டாப் பேட்டரி என்று எதைப் பிரித்தாலும் பெரும்பாலும் உள்ளே இருப்பது இந்த உருளைதான். 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம், கடைசியில் இருக்கும் சைபர் உருளை வடிவம் என்பதற்கு. அளவு மாறாது என்பதால் உள்ளே அடைக்கக்கூடிய சரக்குக்கும் ஒரு எல்லை இருக்கிறது. சாம்சங்கின் 35ஈ, எல்ஜியின் எம்ஜே1 போன்ற நல்ல செல்களே 3500 எம்ஏஎச்சை ஒட்டித்தான் நிற்கின்றன. ஆனால் ஆன்லைனில் தேடினால் 6800, 9900 என்று சர்வசாதாரணமாகக் கிடைக்கும், அதுவும் பாதி விலையில்.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்கு போட்டால் போதும். 3500 எம்ஏஎச் என்றால் 3.5 ஆம்பியர் அவர், அதை செல்லின் சராசரி வோல்டேஜான 3.6-ஆல் பெருக்கினால் 12.6 வாட் அவர், அதுதான் உள்ளே இருக்கும் மொத்த ஆற்றல். செல்லின் எடை ஏறக்குறைய 48 கிராம், ஆக கிலோவுக்கு 260 வாட் அவர் வருகிறது. 9900 உண்மையென்றால் அதே எடையில் கிலோவுக்கு 740 வரவேண்டும். அப்படி ஒரு செல் செய்யத் தெரிந்தவன் வாசலில் எலெக்ட்ரிக் கார் கம்பெனிகள் எல்லாம் வரிசையில் நிற்கும், அவன் எதற்கு அதை முன்னூறு ரூபாய் டார்ச்சோடு இலவசமாகத் தருகிறான்?

அசல் 18650 பொதுவாக 45 முதல் 50 கிராம் இருக்கும். சமையலறைத் தராசில் வைத்து 30 கிராம் சொச்சம் காட்டினால் மேலே பேசவே வேண்டாம், உள்ளே பாதி காலி. எடை சரியாக இருந்தால் அசல் என்று அர்த்தமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சின்ன செல் ஒன்றை உள்ளே வைத்துவிட்டு மீதி இடத்தில் ஏதோ ஒரு பொடியை நிரப்பி விற்கும் புண்ணியவான்களும் இருக்கிறார்கள். எடை குறைந்தால் நிச்சயம் போலி, எடை இருந்தால் அடுத்த சந்தேகத்துக்குப் போகலாம், அவ்வளவுதான். ஆன்லைனில் வாங்குபவர்கள் பொருள் விவரத்தில் எடையைப் பாருங்கள், அப்புறம் செல்லின் மாடல் எண்ணைப் போட்டு அதைத் தயாரித்தவர் வெளியிடும் விவரத் தாளை (டேட்டாஷீட்) தேடுங்கள். மாடல் எண்ணே இல்லாமல் கலர் கலராக ஒரு பெயர் மட்டும் இருந்தால், அதுவும் "ஃபயர்" என்று முடிந்தால், நான் தொடவே மாட்டேன்.

சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடத்தில் கேட்டால் கடைக்காரர் மல்டிமீட்டரை வைத்து "பாருங்க சார், 4.1 காட்டுது, ஃபுல் பவர்" என்பார். வோல்டேஜ் என்பது இப்போது எவ்வளவு சார்ஜ் ஏறியிருக்கிறது என்பதைத்தான் சொல்லும். 800 எம்ஏஎச் செல்லும் முழு சார்ஜில் 4.2 காட்டும், 3500-ம் அதே 4.2 காட்டும்.

இன்னொன்று, எண் குறைவாக இருந்தால் மட்டம் என்று நினைக்காதீர்கள். சாம்சங் 25ஆர் வெறும் 2500 எம்ஏஎச்தான், ஆனால் 20 ஆம்பியர் வரை தொடர்ந்து இழுக்கலாம், ட்ரில்லிங் மெஷினுக்கு அதுதான் லாயக்கு. எனக்கென்னவோ குறைந்த எண்ணைத் தைரியமாக அச்சடிக்கிறவன் மேல்தான் நம்பிக்கை வருகிறது.

பவர் பேங்க் விஷயம் கொஞ்சம் வேறு. 10000 எம்ஏஎச் என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட் கணக்கு, அதாவது 37 வாட் அவர். வெளியே வருவது 5 வோல்ட். மாற்றும்போது ஆகும் நஷ்டமும் போனால் 6000 சொச்சம்தான் கையில் கிடைக்கும், இது ஏமாற்று இல்லை. பின்பக்கம் பொடி எழுத்தில் "ரேட்டட் கெப்பாசிட்டி" என்று இருப்பதுதான் அந்த எண், வாங்கும்போது அதைப் படியுங்கள். 20000 என்று சொல்லிக்கொண்டு 200 கிராம் எடையில் ஒன்று வந்தால் அது பொய், செல்கள் மட்டுமே 300 கிராமை நெருங்க வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் 50000 எம்ஏஎச் பற்றிச் சொல்லவே வேண்டாம், நிஜமாக இருந்தால் 185 வாட் அவர், விமானத்தில் ஏற்றவே விடமாட்டார்கள்.

ரிமோட்டுக்குப் போடும் ஏஏ பேட்டரியில் இப்போது புதுசாக ஒரு வித்தை வந்திருக்கிறது. எம்ஏஎச்சுக்குப் பதில் எம்டபிள்யூஎச் (மில்லி வாட் அவர்) போடுகிறார்கள். 1.5 வோல்ட் லித்தியம் ஏஏவில் 3000 எம்டபிள்யூஎச் என்றால் பெரிதாகத் தெரியும், 1.5-ஆல் வகுத்தால் 2000 எம்ஏஎச். பக்கத்தில் இருக்கும் 2000 எம்ஏஎச் நிக்கல் பேட்டரியை 1.2-ஆல் பெருக்கினால் 2400 எம்டபிள்யூஎச். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் 3000-க்கும் 2000-க்கும் உள்ள அளவுக்கு இல்லை. நிக்கல் ஏஏவில் 3000-க்கு மேல் எம்ஏஎச் போட்டிருந்தால் அப்படியே திரும்ப வைத்துவிடுங்கள். நல்ல கம்பெனிகள் "குறைந்தபட்சம்" என்று தனியாக ஒரு எண் போடுவார்கள், நான் அதை மட்டும்தான் கணக்கில் எடுப்பேன்.

இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் கெப்பாசிட்டி அளந்து காட்டும் சார்ஜர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். முழுதாக ஏற்றி, முழுதாக இறக்கி எண்ணைக் காட்டிவிடும். ஒரு செல்லுக்குப் பல மணி நேரம் பிடிக்கும், அதனால் பார்சல் வந்த அன்றைக்கே போடுங்கள், ரிட்டர்ன் தேதி தாண்டிய பிறகு தெரிந்து என்ன பிரயோஜனம்.