பாம்பன் பாலத்தில் நெளிந்த வண்டியும் டயர் காற்றுக் கணக்கும்

"என்னங்க, வண்டி ஆடுதே" என்று பின்னால் இருந்து மனைவி சொன்னபோது பாம்பன் சாலைப் பாலத்தின் நடுமேட்டில் இருந்தோம். ஆடி மாதம். மன்னார் வளைகுடாப் பக்கமிருந்து கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, விலாவில் அறைந்துகொண்டிருந்தது. மண்டபத்துக்காரனுக்கு அந்தக் காற்று புதிதில்லை. ஆனால் அன்றைக்கு ஹேண்டில்பாரைத் திருப்பினால் கொஞ்சம் பொறுத்துத்தான் முன்சக்கரம் கேட்டது. பின்பக்கம் தன்பாட்டுக்கு நெளிந்தது. 30-க்கு மேல் போகாமல் பாலத்தைக் கடந்து, தங்கச்சிமடத்தில் மாமனார் வீட்டு வாசலில் நிறுத்தும்போது இரண்டு கையும் மரத்துப்போயிருந்தன.

மாமா அந்தக் காலத்தில் லாரி ஓட்டியவர். வந்ததும் பின்டயரில் உள்ளங்கையை வைத்தார். "மாப்ளே, தொட்டுப் பாருங்க." தொட்டேன், நன்றாகவே சுட்டது. பத்து கிலோமீட்டர்கூட ஓடாத டயர்.

"எவ்வளவு காத்து வச்சிருக்கீங்க?"

"முன்னாடி 25, பின்னாடி 28. நேத்துத்தான் பார்த்தேன்."

"நேத்து எப்ப?"

"மத்தியானம், ராம்நாட்டுலேருந்து வந்த கையோட."

"அப்ப அது 28 இல்லை மாப்ளே" என்றார்.

அந்த ஒரு வார்த்தையைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் பிடித்தது. நான் கருவாட்டு வியாபாரம் செய்கிறேன். பாம்பனில் எடுத்து, மண்டபம், உச்சிப்புளி வழியாக ராமநாதபுரம் கடைகளுக்குப் போடுவது. 150 சிசி வண்டி, பின்னால் இரண்டு மூட்டை. ரொம்ப நாள் இரண்டு டயரிலும் 40 அடித்துத்தான் ஓட்டினேன். டயரின் பக்கவாட்டில் 41 பிஎஸ்ஐ (பங்க்கில் 'பாயிண்ட்' என்று சொல்லும் காற்றழுத்த அளவு) என்று அச்சடித்திருந்ததைப் பார்த்து, கம்பெனியே அவ்வளவு அடிக்கச் சொல்கிறது என்று நினைத்திருந்தேன். அது அந்த டயர் தாங்கும் அதிகபட்ச எடைக்கான காற்றளவு. என் வண்டிக்கு எவ்வளவு வேண்டும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 40-ல் ஓடிய பின்டயர் நடுவில் மட்டும் பட்டையாகத் தேய்ந்துவிட்டது. இரண்டு ஓரத்திலும் புது டயரில் இருக்கும் ரப்பர் முள் அப்படியே நின்றது. பாலத்தின் இணைப்புகளில் ஏறும்போதெல்லாம் வண்டி துள்ளியது.

அப்புறம் பஞ்சர் கடை அண்ணன் ஒருவர், "இது வெயில் ஊரு தம்பி, காத்தைக் குறைச்சு வை, இல்லேன்னா வெடிச்சிரும்" என்றார். வெயில் ஊர் என்பது சரிதான். குறைப்பதுதான் தப்பு. காற்று குறைந்தால் டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக நசுங்கி நிமிரும். அந்த நசுங்கலில்தான் சூடு பிறக்கிறது. மாமா கையால் தொட்டுக் கண்டுபிடித்தது இதைத்தான்.

சரியான அளவு எங்கே இருக்கிறது என்று தேடினேன். செயின் கவரில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் உப்புக்காற்றில் உரிந்து எழுத்தே தெரியவில்லை. ஆர்சி புத்தகத்தோடு கிடந்த வண்டியின் கையேட்டில் இருந்தது: முன்னால் 1.75, பின்னால் தனியாகப் போனால் 2.00, இரண்டு பேர் என்றால் 2.25. இது கிலோ கணக்கு, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிலோ என்பது. 14.22-ஆல் பெருக்கினால் பங்க்கில் சொல்லும் பிஎஸ்ஐ வந்துவிடும்: 25, 28, 32. பக்கத்திலேயே 'குளிர்ந்த நிலையில்' என்று போட்டிருந்தது. இத்தனை வருஷமும் அந்த இரண்டு சொல்லை நான் படிக்கவே இல்லை.

ராமநாதபுரத்தில் டயர் காற்றை அளக்கும் கேஜ் ஒன்று வாங்கினேன். அங்கேயே டயர் கடையின் பெரிய கேஜோடு வைத்துப் பார்த்ததில் ஒரு பாயிண்ட்தான் வித்தியாசம். நம்பலாம் என்று முடிவு செய்தேன். பங்க்குகளில் ஹோஸோடு இருக்கும் கேஜ் நாள் முழுக்க சிமெண்ட் தரையில் விழுந்து எழுகிறது, அதை மட்டும் நம்பிக் காற்றடிப்பதை விட்டுவிட்டேன்.

மறுநாள் விடியற்காலை, வண்டியை எடுப்பதற்கு முன் அளந்தேன். பின்டயர் 24, முன்டயர் 21. பாலம் ஏறியதற்கு முந்தின நாள் மத்தியானம் நான் செய்தது அப்போதுதான் உறைத்தது. ராமநாதபுரத்திலிருந்து வெயிலில் ஓடிவந்த டயரில் 32 இருந்தது. கூடுதல் என்று நினைத்து 28-க்கு இறக்கிவிட்டேன். டயருக்குள் ஐந்தாறு டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ கூடும். அந்த நாலு பாயிண்ட் முழுக்கச் சூட்டால் ஏறியது. ராத்திரி ஆறியதும் இறங்கிவிட்டது. அந்த 24-ல்தான் மனைவியையும் ஏற்றிக்கொண்டு ஆடிக் காற்றில் பாலம் ஏறியிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

இப்போது சனிக்கிழமை காலையில் வாசலிலேயே பார்த்துவிடுவேன். வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும். முன்னால் 25. பின்னால் பெரும்பாலும் 32, ஏனென்றால் ஆள் இல்லாவிட்டாலும் மூட்டை உட்கார்ந்திருக்கிறதே. மத்தியானம் அதுவே 35, 36 காட்டும், தொடுவதில்லை. பங்க் வீட்டிலிருந்து தள்ளி இருக்கிறது, ஓட்டிப் போனால் டயர் சூடாகிவிடும். அதனால் வீட்டிலேயே அளந்து, எத்தனை பாயிண்ட் குறைகிறதோ அத்தனையை மட்டும் அங்கே போய்க் கூட்டிக்கொள்கிறேன்.

இதையெல்லாம் செய்தும் முன்டயர் வாரத்துக்கு நாலு பாயிண்ட் இறங்கியது. பஞ்சர் இல்லை. வால்வு வாயில் எச்சிலைத் தொட்டு வைத்துப் பார்த்தேன். முதலில் ஒன்றுமில்லை, பார்த்துக்கொண்டே இருக்கும்போது கடுகளவு குமிழி ஒன்று மெல்ல உப்பி உடைந்தது, அப்புறம் இன்னொன்று. மூடி தொலைந்து மாசக்கணக்கில் ஆகியிருந்தது. மணலும் உப்பும் உள்ளே போய் வால்வு ஊசி பச்சை பிடித்திருந்தது. ஊசியை மாற்றி மூடியும் போட்டதும் நின்றுவிட்டது. கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் அந்தச் சின்ன மூடியைத் தொலைக்காதீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி தங்கச்சிமடம் போனோம். பாலத்தில் காற்று அதேபோலத்தான் தள்ளியது. அதை எந்த டயரும் தடுக்காது. ஆனால் திருப்பினால் வண்டி உடனே கேட்டது, பின்பக்கம் நெளியவில்லை. இறங்கியதும் மாமா டயரைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார். அப்புறம் திண்ணையோரம் நின்ற தன் மொபெட்டைக் காட்டி, "மாப்ளே, அந்த கேஜைக் கொண்டாங்க. இதுவும் காலையிலேருந்து நின்னுக்கிட்டுத்தான் இருக்கு" என்றார்.