மொத்தமே ஏழு

எச்எல்ஏ டைப்பிங்தான், அதாவது நோய் எதிர்ப்புக்கான மரபணுக்களை வகை பார்ப்பதுதான், என் பிழைப்பு. ரத்தப் புற்றுநோய் வந்த தம்பிக்கு அண்ணனின் ஸ்டெம் செல் பொருந்துமா என்று பார்த்துச் சொல்லும் வேலை. கூடப்பிறந்தவர் என்றால் முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. இல்லையென்றால் கொடையாளர் பதிவேட்டில் தேடவேண்டும். லட்சக்கணக்கான பேரில் தேடியும் ஆள் அகப்படாமல் போவதுண்டு. மனிதர்களிடம் இந்த மரபணுக்களுக்கு அத்தனை வடிவங்கள், பல்லாயிரக்கணக்கில்.

அதனால்தானோ என்னவோ, மொரீஷியஸ் தீவின் நீளவால் குரங்குகளைப் பற்றிப் படித்தபோது கொஞ்சம் பொறாமையாக இருந்தது. அங்கே புழக்கத்தில் உள்ள இந்த மரபணுக்களின் முக்கியத் தொகுதிகள் மொத்தமே ஏழு. எம்1 முதல் எம்7 வரை பெயர் வைத்துவிட்டார்கள்.

இந்தக் குரங்குக்குச் சொந்த ஊர் தென்கிழக்காசியா. 400, 500 ஆண்டுகளுக்கு முன் போர்ச்சுகீசியரோ டச்சுக்காரரோ கப்பலில் கொண்டுவந்து இறக்கிய சிலவற்றின் வாரிசுகள்தான் இன்று தீவில் திரிபவை. அடித்துத் தின்ன மிருகம் கிடையாது, தின்னக் கரும்புத் தோட்டம் உண்டு. (டோடோ அழிந்ததில் எலி, பன்றியோடு இவற்றுக்கும் பங்குண்டு என்பார்கள்.) தலைக்கட்டு பெருகியது. ஆனால் கப்பலில் ஏறாத மரபணு தீவில் எங்கிருந்து வரும்?

நோய் எதிர்ப்புக்கான இந்த மரபணுக்கள் குரோமோசோமில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பதால் பெரும்பாலும் கட்டாகவே பிள்ளைக்குப் போகும். தொகுதி என்றது இந்தக் கட்டைத்தான். அம்மாவிடமிருந்து ஒரு கட்டு, அப்பாவிடமிருந்து ஒரு கட்டு. ஏழு கட்டு என்றால் 28 ஜோடிகள்தான் சாத்தியம். இடையில் வெட்டி ஒட்டிய கலவைகளும் உண்டு, அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம். ஏழுதானே என்று சுளுவாக நினைக்கவும் கூடாது. நமக்கு ஒரு குரோமோசோமில் எச்எல்ஏ-ஏ ஒன்று, பி ஒன்று. மக்காக் குரங்குகளில் (நீளவால், ரீசஸ் எல்லாம் இந்த வகைதான்) இதே இனத்து மரபணுக்கள் ஒரே கட்டுக்குள் பல பிரதிகளாக இருக்கும். என்னிடம் அந்த மாதிரியைக் கொடுத்தால் முதல் வாரம் தலை சுற்றும்.

உறவே இல்லாத இரண்டு குரங்குகளுக்குப் பொருத்தம் சர்வசாதாரணமாக அமைகிறது. உறுப்பு மாற்று ஆய்வாளருக்கு இது வரப்பிரசாதம். குரங்கின் கோணத்தில் பார்த்தால் கதை வேறு. 2010இல் வந்த ஓர் ஆய்வில் இதே தீவுக் குரங்குகளுக்கு எஸ்ஐவி என்ற, எச்ஐவிக்கு உறவான குரங்கு வைரஸைச் செலுத்திப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே கட்டு வாய்த்தவற்றின் ரத்தத்தில், வெவ்வேறு கட்டு உள்ளவற்றைவிட வைரஸ் பல மடங்கு அதிகம். வைரஸின் துண்டுகளை நோய் எதிர்ப்பு செல்களுக்குப் பிடித்துக் காட்டும் கைகளை உருவாக்குபவை இந்த மரபணுக்கள்தான்; ஒரே கட்டு என்றால் அந்தக் கைகளின் வகை குறைவு என்பதுதான் காரணம். ஆய்வகத்துக்கு வசதியாக இருக்கும் அதே வறுமை, குரங்குக்கு ஆபத்து.

இந்திய ரீசஸ் குரங்குகளில் இந்த வறுமை இல்லை, தலைவலி உண்டு. இதே மரபணுக்களில் மாமு-பி*08, பி*17 என்ற வடிவங்கள் உள்ளவற்றில் சில, எஸ்ஐவியைத் தாமாகவே அடக்கி வைத்துவிடும். அப்படி இரண்டு குரங்குகள் தடுப்பூசிக் குழுவில் விழுந்துவிட்டால், மரபணு செய்த வேலைக்கு ஊசி பெயர் வாங்கிக்கொண்டு போய்விடும். அதனால் குழு பிரிக்கும் முன்பே டைப்பிங் செய்து, இவற்றை இரு பக்கமும் சமமாகப் பிரிப்பார்கள், அல்லது ஒதுக்கிவிடுவார்கள். ‘குரங்கில் வெற்றி’ என்று செய்தி வந்தால் நான் முதலில் தேடுவது அந்த டைப்பிங் அட்டவணையைத்தான். செய்தித்தாளில் அது வருவதே இல்லை.