அம்மா அறை டிம்மரும் எல்.இ.டி. பல்பும்

அம்மாவுக்கு 81 வயது. ராத்திரியில் மூன்று தடவையாவது எழுந்து பாத்ரூம் போவார். முழு வெளிச்சத்தைப் போட்டால் கண் கூசி, அப்புறம் தூக்கம் வருவதில்லை. இருட்டில் நடந்தால் எங்காவது தடுக்கி விழுந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். அதனால் அவர் அறையிலிருக்கும் டிம்மர், அதாவது குமிழைத் திருகி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சாதனம், எங்கள் வீட்டில் மிக முக்கியமான சாமான். 1996-ல் குரோம்பேட்டையில் வீடு கட்டும்போது அப்பா பார்த்துப் பார்த்து வைத்தது. 60 வாட் குண்டு பல்பு, அதற்கொரு டிம்மர், பக்கத்தில் தனியாக ஒரு சுவிட்ச். சுவிட்ச் அணைந்திருக்கும்போது அதற்குள் மிளகளவு சிவப்பு விளக்கொன்று எரியும். இருட்டில் கை தேடிப் போக அதுதான் அடையாளம். அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அந்தச் சிவப்புப் புள்ளி தினமும் ராத்திரி எரிந்துகொண்டுதான் இருந்தது.

போன மார்கழியில் குண்டு பல்பு ஃபியூஸ் போனது. தெருமுனைக் கடையில் கேட்டேன். “இப்ப யாருக்கா குண்டு பல்பு வாங்குறாங்க?” என்று 9 வாட் எல்.இ.டி. பல்பை எடுத்துக் கொடுத்தார். கொண்டுவந்து மாட்டினேன். அன்றைக்கு ராத்திரியே தொல்லை ஆரம்பித்தது.

குமிழை முழுசாகத் திருகி வைத்தால் நன்றாக எரிந்தது, ஆனால் கொய்ங் என்று ஓர் இரைச்சல். பாதிவரை குறைத்தாலும் வெளிச்சம் குறையவே இல்லை. அதற்கும் கீழே போனால் படபடவென்று துடித்தது. எல்லாவற்றையும்விட மோசம், சுவிட்சை அணைத்த பிறகும் சில நொடிக்கு ஒருமுறை பளிச்சென்று மின்னியது. நடுராத்திரியில் அம்மா என்னை எழுப்பி, “யாரோ ரூமுக்குள்ள லைட்டைப் போட்டுப் போட்டு அணைக்கிற மாதிரி இருக்குடி” என்றார். குரல் நடுங்கியது. சுவருக்குள் வயர் ஏதாவது கெட்டிருக்குமோ என்று எனக்கும் பயம் வந்துவிட்டது. பல்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஹால் விளக்கை எரியவிட்டு, அம்மா பக்கத்திலேயே படுத்துக்கொண்டேன்.

மறுநாள் வேறு கடையில் விசாரித்து, அட்டையில் ‘டிம்மபிள்’ என்று போட்டிருந்த பல்பு ஒன்று வாங்கினேன். சாதாப் பல்பைப்போல மூன்று மடங்கு விலை. இது பரவாயில்லை, குமிழைத் திருகத் திருக வெளிச்சம் குறைந்தது. ஆனால் அம்மாவுக்கு வேண்டிய அந்த மங்கல் வெளிச்சத்துக்கு வரும்போது மறுபடியும் துடிப்பு. இரைச்சல் கொஞ்சம் அடங்கியிருந்தது. அணைத்த பிறகு மின்னுவது அப்படியே இருந்தது.

எனக்கு வேலை கணக்கு எழுதுவது. கணக்கு இடித்தால் மொத்தத்தையும் ஒன்றாகப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டோம், ஒவ்வொரு வரியாகத் தனியே எடுத்துச் சரிபார்ப்போம். இதையும் அப்படியே பிரித்துப் பார்க்க முடிவு செய்தேன்.

முதலில் புதுப் பல்பை டிம்மர் இல்லாத மேசை விளக்கில் மாட்டினேன். அரைமணி நேரம் அசையாமல் எரிந்தது. கைபேசிக் கேமராவைப் பல்புக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாத துடிப்புகூட கேமராத் திரையில் கறுப்புப் பட்டைகளாக ஓடும். ஒரு பட்டையும் இல்லை. ஆக, பல்பில் குறையில்லை.

அடுத்து டிம்மர். பரணில் அப்பா எப்போதோ வாங்கி வைத்த குண்டு பல்பு ஒன்று பழைய தினசரித் தாளில் சுற்றியபடி கிடைத்தது. அதை மாட்டித் திருகினேன். கங்குபோல் சிவந்து, மெல்ல மஞ்சளாகி, முழுசாகப் பிரகாசித்தது. ஒரு துடிப்பில்லை, ஒரு சத்தமில்லை. அணைத்தால் அணைந்தே கிடந்தது. ஆக, டிம்மரிலும் குறையில்லை.

இரண்டும் தனித்தனியே நல்லவை, சேர்த்தால்தான் சண்டை. அப்படியானால் இரண்டையும் ஒரே நேரத்தில் எரியவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்க ஆசை வந்தது. ஒரே ஹோல்டரில் இரண்டு பல்பு மாட்டும் இணைப்பு ஒன்று கொலு அலங்காரச் சாமான்களோடு இருந்தது. ஒரு பக்கம் குண்டு பல்பு, மறுபக்கம் டிம்மபிள் எல்.இ.டி. திருகினேன். எல்.இ.டி. துடிக்கவே இல்லை! குண்டு பல்போடு சேர்ந்து அதுவும் அடக்கமாக மங்கியது. சுவிட்சை அணைத்தால் மின்னவும் இல்லை. குண்டு பல்பை எடுத்துவிட்டுப் பூஜை அறையின் ஜீரோ வாட் பல்பை மாட்டினேன். பேர்தான் ஜீரோ, அந்தச் சிவப்புப் பல்பு கிட்டத்தட்ட 15 வாட் இழுக்கும். அதோடு துடிப்பு பாதிதான் குறைந்தது. கடைசியாக, முதலில் வாங்கிய சாதா 9 வாட் பல்பைக் குண்டு பல்புக்குத் துணையாகப் போட்டேன். அது மங்க மறுத்துவிட்டது. அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. மங்கக்கூடிய பல்பும் வேண்டும், அந்தப் பல்பின் சின்னச் சுமையைத் தாங்கிப் பிடிக்கிற டிம்மரும் வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் போதாது.

பழைய டிம்மர் வேலை செய்யும் விதம் இதுதான். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றும் இரண்டு அரை அலை என்பதால் நொடிக்கு 100 அரை அலைகள். டிம்மருக்குள் இருக்கும் டிரையாக் என்ற சில்லு ஒவ்வோர் அரை அலையிலும் முன்பகுதியை அடைத்து வைத்து, பாதியில் சட்டென்று திறந்துவிடும். எவ்வளவு தாமதமாகத் திறக்கிறதோ அவ்வளவு மங்கல். திறந்த டிரையாக் அந்த அரை அலை முடியும்வரை திறந்தே இருக்க, அதன் வழியே ஓரளவு மின்சாரம் விடாமல் ஓட வேண்டும். 60 வாட் பல்பு 260 மில்லி ஆம்பியர் இழுக்கும். 9 வாட் எல்.இ.டி. முழு வெளிச்சத்திலேயே 40 மில்லி ஆம்பியர் அளவுக்குத்தான் இழுக்கும், மங்கலில் அதுவும் இல்லை. பிடிப்பு போய் டிரையாக் நடுவிலேயே மூடிக்கொள்கிறது, மறுபடி திறக்கிறது, மூடுகிறது. நாம் பார்க்கும் துடிப்பு அதுதான். குண்டு பல்பின் இழைக்கு நொடிக்கு நூறு தடவை வெட்டினாலும் ஆறுவதற்கு நேரமில்லை, அதனால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. சாதா எல்.இ.டி. பல்பு ஏன் மங்கவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. அதற்குள் இருக்கும் டிரைவர் என்ற மின்சுற்று, வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் ஒரே வெளிச்சம் தருவதற்காகவே செய்யப்பட்டது. நாம் வெளிச்சத்தைக் குறைக்கக் குறைக்க, லோ வோல்டேஜ் என்று நினைத்து அது சமாளிக்கப் பார்க்கும். முடியாதபோது திணறும்.

சுவர்ப் பெட்டியைத் திறக்கும் வேலையை நான் தொடவில்லை. எங்கள் தெருவுக்கு வழக்கமாக வரும் எலக்ட்ரீஷியன் தம்பியைக் கூப்பிட்டேன். வந்ததும் மெயினை அணைத்தார், அப்புறம் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைத்தார். “டிம்மரைக் குறைச்சு வெச்சா கரண்ட் இல்லைன்னு நினைச்சுடாதீங்கக்கா, அது எப்பவும் கசியும்” என்றார். இதை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். டிம்மரில் விளக்கு அணைந்திருக்கும்போது பல்பு ஹோல்டரைத் தொடுவது ஆபத்து.

பழைய டிம்மரை வெளியே இழுத்து டார்ச் அடித்தோம். முதுகில் ஒட்டியிருந்த பழுப்பேறிய தாளில் எழுத்து பாதி அழிந்திருந்தது. ‘40 முதல் 400 வாட்’ என்பது மட்டும் தெரிந்தது. கடையில் எல்லோரும் பார்ப்பது அந்த 400-ஐத்தான். எனக்குப் பதில் இருந்ததோ அந்த 40-ல். குறைந்தது 40 வாட் சுமையாவது இருந்தால்தான் அந்த டிம்மர் ஒழுங்காக வேலை செய்யும்.

அணைத்த பிறகு மின்னியதற்குக் காரணத்தை அந்தத் தம்பிதான் கண்டுபிடித்தார். அப்பா வைத்த சிவப்புப் புள்ளி! அந்த நியான் விளக்கு சுவிட்சின் இரண்டு முனைக்கும் குறுக்கே இணைக்கப்பட்டிருந்தது. சுவிட்ச் அணைந்திருக்கும்போது நியான் வழியாக ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவான மின்சாரம் பல்புவரை கசியும். குண்டு பல்புக்கு அது தூசு. எல்.இ.டி. டிரைவரிலிருக்கும் கெப்பாசிட்டர் அதைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து வைத்து, நிரம்பியதும் பளிச்சென்று ஒரு தடவை எரிந்து தீர்க்கும். தம்பி நியானின் ஒரு முனையைக் கழற்றிவிட்டு மெயினைப் போட்டார். மின்னல் நின்றது.

“எடுத்துடலாமாக்கா?” என்று கேட்டார். எனக்கு மனசு வரவில்லை. வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அம்மா, “அது இல்லாம எனக்கு சுவிட்ச் எங்க இருக்குன்னு தெரியாதுப்பா” என்றார். தம்பி கொஞ்சம் யோசித்தார். பெட்டியில் மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் வயரும் இருந்தது. நியானை லைனுக்கும் நியூட்ரலுக்கும் நேரடியாக இணைத்துவிட்டார். இப்போது அது பகலிலும் எரிகிறது, பல்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கூரை ஹோல்டரைத் திறந்தபோது இன்னொன்று கிடைத்தது. ஒரு திருகு லூசாகி, அதைச் சுற்றி பேக்லைட் பழுப்பாகக் கருகியிருந்தது. நகத்தால் சுரண்டினால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. 60 வாட் சூட்டில் வருஷக்கணக்காக வெந்திருக்கிறது. இந்தத் தொல்லை வராமலிருந்தால் அதை யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டோம். உங்கள் வீட்டில் ஒரு விளக்கு மட்டும் நேரம் காலம் இல்லாமல் துடித்தால், டிம்மரைச் சந்தேகப்படும் முன் ஹோல்டர் திருகைப் பார்க்கச் சொல்லுங்கள். புது ஹோல்டர் போட்டோம்.

டிம்மருக்கு இரண்டு கடை ஏறி இறங்கினேன். “எல்லா டிம்மரும் ஒண்ணுதாங்க” என்றே பதில் வந்தது. ஒரு கடையில் ஃபேன் ரெகுலேட்டரையே எடுத்து நீட்டினார்கள், அது இதற்கு ஆகவே ஆகாது. கடைசியில் பாரிமுனையில் ஒரு மின்சாமான் கடையில், அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் படித்து வாங்கினேன். எல்.இ.டி. சுமை 5 முதல் 150 வாட் என்று தனியாகப் போட்டிருந்தது, ‘டிரெய்லிங் எட்ஜ்’ வகை. இது அரை அலையின் முன்பகுதியை விட்டுவிட்டுப் பின்பகுதியை வெட்டும். மின்சாரம் சட்டென்று குதிக்காமல் ஏறுவதால் பல்புக்குள் இருக்கும் பாகங்கள் அதிர்வதில்லை. கொய்ங் சத்தம் அதோடு போயிற்று.

மாட்டிய பிறகு ஒரு வேலை பாக்கி. குமிழைக் கழற்றினால் உள்ளே சின்னத் திருகு ஒன்று தெரியும். குறைந்தபட்ச வெளிச்சம் எவ்வளவு என்பதை அதில்தான் வைக்க வேண்டும். முதலில் துடிக்காத அளவுக்கு எவ்வளவு மங்கலாக முடியுமோ அவ்வளவு மங்கலாக வைத்தோம். அழகாக எரிந்தது. ஆனால் சுவிட்சை அணைத்துப் போட்டால் பல்பு எரியவே இல்லை. எரிந்துகொண்டிருக்கும் பல்பு அந்த மங்கலில் தாக்குப் பிடிக்கும், அணைந்த பல்பு எழுந்திருக்க இன்னும் கொஞ்சம் தெம்பு வேண்டும். ராத்திரி எங்கள் பகுதியில் வோல்டேஜ் மாறும் என்பதால், நான் பதினோரு மணிக்கு ஒரு தடவை, மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து ஒரு தடவை, பத்துப் பத்து முறை போட்டு அணைத்துப் பார்த்தேன். திருகை ஒரு மயிரிழை கூட்டிய பிறகு ஒரு தடவைகூடத் தவறவில்லை.

அம்மாவுக்கு ஒரு வருத்தம் உண்டு. “வெளிச்சம் குறையுது, ஆனா முன்ன மாதிரி சிவக்க மாட்டேங்குதே” என்கிறார். உண்மைதான். இழை ஆற ஆறச் சிவக்கும், எல்.இ.டி. மங்கினாலும் தன் நிறத்தை விடாது. அதற்காக வெள்ளைப் பல்பை மாற்றி 2700 கெல்வின் மஞ்சள் வெளிச்சப் பல்பு போட்டிருக்கிறேன். கண் கூசுவதில்லை என்கிறார்.

புதுக் குமிழ் வழுவழுவென்று இருப்பதால் எவ்வளவு திருகியிருக்கிறது என்று அவருக்கு விரலுக்குத் தெரியவில்லை. என் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றைக் குமிழின் விளிம்பில் ஒட்டினேன், இன்னொன்றைத் தகட்டில், அவருக்கு வேண்டிய வெளிச்சம் வரும் இடத்தில். இரண்டு பொட்டும் நேர்க்கோட்டில் வந்தால் சரி. நேற்று ராத்திரி அம்மா எழுந்த சத்தம் கேட்டு நான் கதவருகே நின்று பார்த்தேன். சிவப்புப் புள்ளியை நோக்கிக் கை போனது, விரல் பொட்டைத் தடவியது, விளக்கு எரிந்தது. என்னைக் கவனிக்காமலே பாத்ரூம் பக்கம் நடந்து போனார்.