நினைவகம் எவ்வளவு தூரம்? கணினிக் கட்டமைப்புப் பாடத்தின் முதல் மூன்று வாரங்கள்

மூன்றாம் பருவத்துக்கு வரும் பொறியியல் மாணவர்களுக்கு சி எழுதத் தெரியும். லூப் போடுவார்கள், அணிகளைப் பெருக்குவார்கள், விடையும் சரியாக வரும். அந்தப் புரோகிராம் ஓடும் நேரம் உள்ளே எங்கே செலவாகிறது என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிவிடும். கணினிக் கட்டமைப்பு என்ற பாடம் இருப்பதே அந்தக் கேள்விக்காகத்தான். ஆனால் பெரும்பாலான வகுப்புகள் கணினித் தலைமுறைகளின் வரலாற்றிலும் ஐந்து பெட்டி கொண்ட வரைபடத்திலும் தொடங்குகின்றன. படம் நோட்டுக்குப் போய்விடுகிறது, மாணவர் மனதில் கேள்வி எதுவும் எழுவதில்லை.

பாடத்திட்டமும் இதற்குத் துணைபோகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் நினைவகம் ஐந்தாவது அலகில் வருகிறது. அது வரும் நேரத்தில் பருவத் தேர்வும் நெருங்கிவிடும். கேச், அதாவது செயலிக்குப் பக்கத்திலேயே இருக்கும் சிறிய, வேகமான நினைவகம், பற்றிய பகுதி இரண்டு மூன்று வகுப்புகளில் ஓட்டமாக முடிந்துவிடும். அலகுகளின் வரிசையை ஆசிரியர் மாற்ற முடியாது. ஆனால் முதல் மணி நேரம் அவர் கையில்தான் இருக்கிறது. நினைவகத்துக்குப் போய்வர ஆகும் நேரத்தை அந்த ஒரு மணி நேரத்தில் மாணவர் கண்ணால் பார்த்துவிட்டால், பருவம் முழுவதையும் அதைப் பிடித்துக்கொண்டே நடத்தலாம்.

அதற்கு ஒரு சிறிய சோதனை போதும். 4096 × 4096 அளவில் ஒரு முழு எண் அணி. எண்ணுக்கு 4 பைட் வீதம் மொத்தம் 64 எம்பி. அதன் எல்லா எண்களையும் இருமுறை கூட்டுகிறோம், ஒருமுறை கிடைவரிசையாக, இன்னொருமுறை நெடுவரிசையாக. இரண்டிலும் 1,67,77,216 கூட்டல்கள், இரண்டிலும் ஒரே விடை. ஓட்டுவதற்கு முன் ஒவ்வொருவரும் தாளில் எழுத வேண்டும்: இரண்டுக்கும் ஒரே நேரமா, இல்லையென்றால் எது மெதுவாக ஓடும், எத்தனை மடங்கு? எண்ணாக எழுத வைப்பது மிக முக்கியம். எழுதாதவர்கள் விடையைப் பார்த்ததும் ‘எனக்கு முன்பே தெரியும்’ என்று கடந்துவிடுவார்கள். கூட்டலின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ‘ஒரே நேரம்’ என்றுதான் எழுதத் தோன்றும். ஓட்டிப் பார்த்தால் நெடுவரிசை பல மடங்கு மெதுவாக இருக்கும். எத்தனை மடங்கு என்பது மடிக்கணினிக்கு மடிக்கணினி மாறும்.

இந்தச் சோதனையை வகுப்பில் செய்து காட்டும்போது கெட்டுப்போகும் இடங்கள் சில உண்டு. அணியை மெயின் ஃபங்ஷனுக்குள் அறிவித்தால் புரோகிராம் உடனே விழுந்துவிடும். ஃபங்ஷனுக்குள் அறிவிப்பவை இருக்கும் இடம் ஸ்டாக். லினக்ஸில் அதன் வழக்கமான உச்சவரம்பு 8 எம்பிதான், 64 எம்பிக்கு அங்கே இடமில்லை. அதனால் ஃபங்ஷனுக்கு வெளியே அறிவிக்க வேண்டும். அடுத்தது, கூட்டுத்தொகையைத் திரையில் அச்சிடாமல் விடுவது. யாரும் பயன்படுத்தாத விடை என்று கம்பைலர் லூப்பையே நீக்கிவிடும், நேரம் பூஜ்யம் என்று வரும். ஜிசிசி கம்பைலரில் புரோகிராமை வேகப்படுத்தும் அளவை ஓ3 நிலையில் வைத்தால், உள் லூப்பையும் வெளி லூப்பையும் இடம் மாற்றிக்கொள்ளும் உரிமை கம்பைலருக்கு உண்டு. காட்ட வந்த வித்தியாசமே அதில் மறைந்துபோகலாம். ஓ1 போதும்.

யாரும் அவ்வளவாகச் சந்தேகப்படாத தவறு ஒன்றும் இருக்கிறது. அணியில் எதையும் எழுதாமலே கூட்டத் தொடங்குவது. இதுவரை யாரும் எழுதாத நினைவகப் பக்கங்களை வாசித்தால், லினக்ஸ் பொதுவாக அவற்றையெல்லாம் பூஜ்யம் நிரம்பிய ஒரே பக்கத்துக்குச் சுட்டிவிடும். 64 எம்பியைத் தொடுகிறோம் என்று நாம் நினைப்போம், உண்மையில் தொடுவது 4 கேபியை. கூடவே, பக்கங்களை முதன்முதலில் தொடும் செலவு முழுவதும் முதலில் ஓடும் லூப்பின் கணக்கில் ஏறிவிடும். ஆகவே முதலில் எல்லா இடத்திலும் 1 எழுதிவிட வேண்டும். அப்படிச் செய்தால் கூட்டுத்தொகை 1,67,77,216 வருகிறதா என்று சரிபார்க்கவும் வசதி. மடிக்கணினியைச் சார்ஜரில் போட்டு ஐந்து முறை ஓட்டி, நடுவில் வரும் எண்ணை எடுத்துக்கொள்ளலாம்.

ஏன் இந்த வித்தியாசம் என்று அன்றைக்கே முழுதாகச் சொல்ல வேண்டியதில்லை. பாதி சொன்னால் போதும்: நினைவகத்திலிருந்து எண்கள் ஒவ்வொன்றாக வருவதில்லை, 64 பைட் கட்டாக வருகின்றன. ஒரு கட்டில் 16 எண்கள். கிடைவரிசையாகப் போனால் வந்த கட்டின் 16 எண்களும் பயன்படுகின்றன. நெடுவரிசையாகப் போனால் ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டுக்கு ஓடுகிறோம். மீதிப் பாதி மூன்றாம் வாரம் வரை காத்திருக்கட்டும்.

இரண்டாம் வாரத்துக்கு 8085 கிட், அதாவது இன்டெல்லின் 8085 செயலி பொருத்திய பயிற்சிப் பலகை. பழைய சிப்பை இன்னும் ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. 1976இல் வந்த சிப்தான். ஆனால் எட்டு பைட்டில் ஒரு முழுப் புரோகிராமை விரலால் தட்டி, ஒவ்வொரு பைட்டுக்கும் கணக்குச் சொல்லும் வசதி வேறு எதில் இருக்கிறது? 4100 என்ற முகவரியிலிருந்து தொடங்கும் கிட்டில் இதைத் தட்டலாம் (எண்களெல்லாம் பதினாறடிமானம்): 06 04 78 80 32 00 42 76. ரெஜிஸ்டர் என்பது செயலிக்குள்ளேயே எண்ணை வைக்கும் இடம். பி ரெஜிஸ்டரில் 4 வை, அதை ஏ ரெஜிஸ்டருக்கு நகலெடு, ஏ-யுடன் பி-யைக் கூட்டு, விடையை 4200இல் எழுது, நில். ஓட்டிவிட்டு 4200ஐப் பார்த்தால் 08 இருக்கும்.

லேபில் அதிகம் நடக்கும் பிழை ஐந்தாவது பைட்டுக்குப் பிறகு. 4200 என்பதை 42 00 என்றே தட்டிவிடுவார்கள். 8085 முகவரியின் கீழ்ப்பாதியை முதலில் எதிர்பார்க்கிறது. அதனால் விடை 0042க்குப் போகும். அங்கே இருப்பது ஈபிராம், கிட்டை இயக்கும் மானிட்டர் புரோகிராமை வைத்திருக்கும், வாசிக்க மட்டுமே முடிகிற நினைவகம். எழுதியது சத்தமில்லாமல் காணாமல் போகும், பிழை என்று எந்த அறிவிப்பும் வராது. இதைவிட ஏமாற்றக்கூடியது, முந்தைய பேட்ச் விட்டுப்போன 08 அதே இடத்தில் கிடப்பது. புரோகிராம் தவறு, விடை சரி! ஒவ்வொரு முறையும் 4200இல் 00 எழுதிவிட்டு ஓட்டும் பழக்கத்தை முதல் நாளே ஏற்படுத்துவது நல்லது. கடைசி 76ஐ மறந்தால், அடுத்து கிடக்கும் குப்பை பைட்டுகளையும் ஆணைகளாக எண்ணி சிப் ஓடிக்கொண்டே போகும். ரீசெட் அழுத்தித்தான் நிறுத்த வேண்டும்.

பிறகு க்ளாக் கணக்கு, அதாவது ஒவ்வொரு ஆணைக்கும் செயலியின் கடிகாரத் துடிப்பு எத்தனை என்பது. 06 04க்கு 7 க்ளாக், 78க்கு 4, 80க்கு 4, 32 00 42க்கு 13, 76க்கு 5. மொத்தம் 33. மூன்று மெகாஹெர்ட்ஸில் சரியாக 11 மைக்ரோசெகண்ட். இங்கே நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டியது அந்த 13. கூட்டலுக்கு வெறும் 4 போதும்போது, ஒரே ஒரு பைட்டை எழுத ஏன் 13? ஆணையை எடுத்துவர 4, முகவரியின் இரண்டு பாதிகளையும் வாசிக்க மும்மூன்று, எழுத 3. சிப்புக்கு வெளியே போன ஒவ்வொரு பயணமும் தனித்தனியாகத் தெரிகிறது. கூட்டுவது மலிவு, போய்வருவதுதான் செலவு என்பது இந்த 40 கால் சிப்பிலேயே கணக்கில் இருக்கிறது. அன்று ஒரு நினைவக வாசிப்புக்கு 3 க்ளாக். இன்றைய 3 கிகாஹெர்ட்ஸ் செயலியில் டிராம் (முதன்மை நினைவகம்) வரை போய்வர 80 முதல் 100 நானோசெகண்ட் ஆனால், அது ஏறக்குறைய 240 முதல் 300 க்ளாக். ஒரு க்ளாக்கை ஒரு நொடியாக வைத்தால், மிகப் பக்கத்திலிருக்கும் முதல்நிலைக் கேச்சான எல்1க்கு நான்கைந்து நொடி, டிராமுக்கு நான்கைந்து நிமிடம். இந்த இரண்டு எண்களையும் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி, பருவம் முடியும்வரை அழிக்காமல் வைத்திருக்கலாம்.

ரிஸ்க்-வி என்ற இன்றைய ஆணைத்தொகுப்பின் பக்கம் போகும் வழியும் இதுதான். 32 ரெஜிஸ்டர்கள், கணக்குப் போடும் ஆணைகள் ரெஜிஸ்டரோடு நிற்கும், நினைவகத்துக்குப் போவதற்குத் தனி ஆணை. சென்னை ஐஐடியின் சக்தி செயலி இந்த ஆணைத்தொகுப்பில்தான் உருவானது என்பதையும் சொன்னால் பாடம் பக்கத்து ஊர் விஷயமாகிவிடும். ஒரு ஆணை முடியும் முன்பே அடுத்ததைத் தொடங்கும் முறைக்குப் பைப்லைன் என்று பெயர். ரைப்ஸ் சிமுலேட்டரில் அது நகர்வதைப் படமாகவே பார்க்கலாம். ஆனால் முதலில் கிராஃப் தாளில் கையால் வரையட்டும். நினைவகத்திலிருந்து எடுத்த எண்ணை அடுத்த ஆணையே கேட்டால் ஒரு கட்டம் காலியாக விட வேண்டியிருக்கும். அந்தக் காலிக் கட்டத்தைத் தாமே விட்டவர்களுக்கு அது பிறகு மறக்காது.

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்து வருபவருக்கு ‘கேச்’ என்பது காதில் பணத்தைக் குறிக்கும் சொல்லாகவே விழுகிறது. சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு, ‘ஏன்’ என்பதைத் தமிழில் சொல்வதே சரி. அடுப்படி அஞ்சறைப்பெட்டி நல்ல உவமை: கடுகும் சீரகமும் கையெட்டும் தூரத்தில், மொத்தச் சரக்கு பரணில். ஆனால் உவமை எங்கே உடைகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெட்டியில் எதை வைப்பது என்று வீட்டில் இருப்பவர் யோசித்து முடிவு செய்கிறார். கேச்சில் அப்படி யாரும் யோசிப்பதில்லை. வந்த கட்டு கேச்சின் எந்தக் கிண்ணத்துக்குப் போகும் என்பதை முகவரியின் பிட்டுகளே தீர்மானிக்கின்றன.

மூன்றாம் வாரக் கடைசியில் முதல் நாள் புரோகிராமை மறுபடி திறக்க வேண்டியது அதனால்தான். ஒரே ஒரு எண்ணை மாற்றுகிறோம்: கிடைவரிசையின் நீளம் 4096க்குப் பதில் 4112. கூட்டுவது அதே 4096 எண்களைத்தான், மீதி 16 இடம் சும்மா கிடக்கும். அணி பெரிதாகியிருக்கிறது, ஆனால் நெடுவரிசைக் கூட்டல் வேகமாகியிருக்கும். மாணவர்கள் நோட்டில் முகவரியைப் பிரிக்கட்டும்: கட்டுக்குள் இடம் காட்டக் கீழே 6 பிட், 64 கிண்ணங்களில் ஒன்றைத் தேர அதற்கு மேல் 6 பிட். 4096 எண்கள் என்றால் 16,384 பைட். அதைக் கூட்டிக்கொண்டே போனால் அந்த 12 பிட்டும் மாறுவதே இல்லை. நெடுவரிசை முழுவதும் ஒரே கிண்ணத்துக்குப் போட்டி போடுகிறது. 32 கேபி எல்1இல் அந்தக் கிண்ணத்தில் 8 கட்டுகளுக்குத்தான் இடம். 4112 என்றால் 16,448 பைட், அதாவது சரியாக 257 கட்டுகள். ஒவ்வொரு வரிசையும் அடுத்த கிண்ணத்துக்கு நகர்கிறது. அப்படியும் 4096 கட்டுகள் எல்1இன் 512 இடங்களுக்குள் அடங்காதே, பிறகு வேகம் எங்கிருந்து வந்தது என்று ஒருவராவது கேட்பார். அங்கிருந்து எல்1க்கு அடுத்த நிலையான எல்2 கேச்சைத் தொடங்கலாம்.